அப்பா வைக்காத எலுமிச்சம்பழம்

அப்பாவின் அஸ்தியுடன் பவானிக்குப் புறப்பட்ட காலை, வேன் டிரைவர் முன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். "எடுத்துருங்க டிரைவரே. என் தம்பிக்கு அது ஆகாது. கனடா போயி கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டவன்" என்றார் பெரியப்பா. இல்லைங்க பெரியப்பா, அதுக்காக இல்லை. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவின் நினைவு மலரில் அதை எழுதிவிட வேண்டும் என்று அந்த நொடியே முடிவு செய்தேன்.

அப்பா பனமரத்துப்பட்டியில் பிறந்தவர். தாத்தா இறந்ததும் பள்ளியை விட்டு, நாமக்கல் லாரிகளில் கிளீனராகி, டிரைவராகி, கனடா போனார். அங்கே குடியுரிமை பெற்று, ராணுவத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானில் சரக்கு லாரி ஓட்டினார். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது திரும்பி வந்தார். யாரையும் கடிந்து பேசியதில்லை. அதிகம் பேசியதே இல்லை. விசேஷ வீடுகளில் வண்டிகள் நிற்கும் இடத்தில் தனியாக நிற்பார். என் ஸ்கூட்டிக்குப் பழம் வைத்த அன்று எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் நான் அவரிடம் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில், இறப்பதற்கு முந்தைய நாள், தாமாகவே சொன்னார்.

"ஆப்கானிஸ்தான்லயும் தினம் பழம் வெப்பேன் சாமி. கேம்ப்புச் சமையக்காரர் குடுப்பாரு. அன்னிக்கு ஒத்தப் பழந்தான். பின்னாடி வண்டி ஓட்டுற கனடாப் பையன், சிரிச்சுக்கிட்டே கையை நீட்டுனான், எனக்குக் குடுன்னு. 'போடா, நாளைக்கு வாங்கிக்க'ன்னு என் டயருக்கு வெச்சுட்டேன். என் வண்டி தாண்டிருச்சு. அவன் வண்டி கண்ணிவெடியில..."

"பழத்துனாலயாப்பா?"

"இல்லைன்னு தெரியும் சாமி. ஆனா, கேட்டானல்ல?"

அப்பாவின் பெட்டியில் அந்தப் பையனின் தாயார் எழுதிய கடிதம் இருந்தது. 'கடைசி நாள் காலையில் என் மகன் எப்படி இருந்தான்?' அந்த ஒரு கேள்விதான். கூடவே அப்பா எழுதத் தொடங்கிய மூன்று பதில்கள். மூன்றுமே 'அன்புள்ள அம்மா' என்பதோடு நின்றுவிட்டன.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் சோறு கொண்டுவந்த அத்தைக்கும், இரவு பகலாகக் கவனித்த செவிலியர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பெரியப்பாவுக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் அம்மாவும் நானும் நன்றி சொல்கிறோம்.

அந்தத் தாயார் இன்னும் இருக்கிறாரா, அதே முகவரியில் இருக்கிறாரா, தெரியாது. இந்த மலர் உங்கள் கைக்கு வரும் வாரம் நான் தபால் நிலையத்துக்குப் போவேன். நான்காவது கடிதம் இப்படித் தொடங்கும்:

அன்புள்ள அம்மா, உங்கள் மகன் அன்று காலை சிரித்துக்கொண்டே என் அப்பாவிடம் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டார்.