தலைக்குதிரை என் வாசலுக்கு வந்த நாட்கள்

ஐந்து குதிரைகள் எலுமிச்சை மூட்டைகளைச் சுமந்துகொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கு முதலில் வந்தது பெருமைதான். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

குதிரைகள் என் தம்பியுடையவை. போடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் ஊர். மேலே இருக்கும் தோட்டங்களுக்கு இன்றைக்கும் வண்டி போகிற பாதை கிடையாது. எலுமிச்சை, காப்பி, மிளகு எல்லாம் குதிரை முதுகில்தான் இறங்க வேண்டும். அரிசியும் சிமெண்டும் கேஸ் சிலிண்டரும் குதிரை முதுகில்தான் ஏற வேண்டும். ஐந்தில் முன்னால் போகிறது தலைக்குதிரை. அதன் கழுத்தில் மட்டும் மணி இருக்கும். அந்தச் சத்தத்தின் பின்னால்தான் மற்ற நான்கும் நடக்கும். மேலே பொதி ஏற்றித் தட்டிவிட்டால் ஆள் இல்லாமலே இறங்கி வந்து, அடிவாரத்தில் சரக்கு இறக்கிவைக்கிற கிட்டங்கியில் நின்றுவிடும். அங்கே இருக்கிற ஆட்கள் மூட்டைகளை இறக்குவார்கள். தம்பிக்கு முழங்கால் வலி. அவன் குச்சி ஊன்றி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்து சேருவான். அவன் பிழைப்பே அந்தத் தலைக்குதிரை வழி மாறாது என்கிற நம்பிக்கையில்தான் ஓடியது.

அதை நான்தான் கெடுத்தேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். வீட்டுக்காரர் காலமான பிறகு, மகனைப் படிக்க வைக்க வேண்டும் என்று குவைத்துக்குப் போனேன். ஒரே வீட்டில் பத்தொன்பது வருஷம் சமையலும் பிள்ளை வளர்ப்பும் பார்த்தேன். மகன் படித்தான். வேலைக்குப் போனான். பழனிசெட்டிபட்டியில் வீடும் கட்டிவிட்டான். திரும்பி வர விமானத்தில் உட்கார்ந்தபோது நான் ஒன்று நினைத்துக்கொண்டேன். இனி எவர் வாசலிலும் போய்க் கை கட்டி நிற்க மாட்டேன். அதை மட்டும் சாமிக்குச் சொல்லுகிற மாதிரி மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மகன் தினமும் போன் செய்வான்.

"ஏம்மா, அங்கன தனியாக் கெடந்து என்னதான் செய்வ? இங்க வந்துரு. மாடியில ஒனக்குன்னே ஒரு ரூம்பு கட்டிப் போட்டிருக்கேன்."

"ரூம்புக்குள்ளயே பத்தொம்பது வருசம் இருந்துட்டேன்டா. எனக்கு இனிமே வாசல்தான் வேணும்" என்றேன்.

அப்படிச் சொல்லி எங்கள் அப்பா விட்டுப்போன வீட்டிலேயே தங்கிவிட்டேன். தம்பி அடுத்த தெருவில் இருக்கிறான். வந்த புதிதில் விடிகாலை நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்தால் செய்ய ஒன்றும் இருக்காது. தம்பி வீட்டுக்குப் போய் ஒரு பாத்திரத்தைத் தொட்டால் போதும், அவன் பெண்டாட்டி வந்து பிடுங்கிவிடுவாள்.

"நீங்க உக்காருங்க மதினி. வந்தவுக வேல பாத்தா ஊரு எங்களப் பாத்துச் சிரிக்கும்."

"வந்தவுகளா? நான் பொறந்து வளந்த ஊருதான் இது."

"அதுக்குத்தான் உக்காரச் சொல்றேன்" என்று சிரிப்பாள். நல்ல மனதோடுதான் சொல்லுவாள். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார உட்கார எனக்கு உடம்பு குறுகிப் போகும்.

குதிரை எனக்குப் புதிது இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் குதிரைகளுக்குச் சேணம் கட்டுகிறவளே நான்தான். இரண்டு பக்கமும் எடை சரியாக இருக்கிறதா என்று கையை வைத்தே சொல்லிவிடுவேன். ஆனால் இப்போது இருக்கிற தலைக்குதிரை நான் வெளிநாட்டில் இருந்தபோது பிறந்தது. செவலை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. முதல் நாள் நான் கையை நீட்டியதும் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு கடிக்க வந்தது.

தம்பி சிரித்தான். "அக்கா, ஓம் மேல சென்ட் வாசன அடிக்கிதுல்ல. யாரோ துபாய்க்காரின்னு நெனச்சிருச்சு."

"நான் போனது குவைத்துடா."

"குதுரைக்கு அதெல்லாம் தெரியுமாக்கா?"

அன்றைக்கே அந்தச் சென்ட் பாட்டிலை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் குதிரைகள் மலைக்குப் போகிற நேரம் பார்த்து, ஒரு துண்டு மண்டை வெல்லத்தோடு வாசலில் நின்றேன். எங்கள் தெரு வழியாகத்தான் அவை மேலே போகும். செவலை நின்றது. மூச்சை விட்டு முகர்ந்து பார்த்தது. பிறகு உள்ளங்கையில் சூடு படுகிற மாதிரி உதடு வைத்து எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்தில் நான் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே வந்து மூக்கால் கதவைத் தள்ள ஆரம்பித்தது. "இந்தா வந்துட்டேன் ஆத்தா" என்று நான் உள்ளிருந்து சொல்லுவேன். நாலு மணி முழிப்புக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

போனில் மகனிடம் சொன்னேன். "செவல ஒம் மாமன் பேச்சக்கூடக் கேக்காதுடா. எம் பேச்சத்தான் கேக்கும்."

இந்தத் திமிரில் இருந்தபோதுதான், ஒரு நாள் மத்தியானம், மணிச் சத்தம் கிட்டங்கிப் பக்கம் போகாமல் எங்கள் தெருவுக்குள் வந்தது. மலைப்பாதை இறங்கியதும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கே பாதை பிரியும். இடது பக்கம் கிட்டங்கி, வலது பக்கம் எங்கள் தெரு. செவலை வலது பக்கம் திரும்பிவிட்டது. மற்ற நாலும் பின்னாலேயே வந்துவிட்டன.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீகளா, என்னயத் தேடி வந்துருக்கு" என்றேன். வெல்லம் கொடுத்தேன். ஐந்துக்கும் தண்ணீர் காட்டினேன். குழந்தைகள் தொட்டுப் பார்த்தார்கள். பொதி முதுகில் இருக்கிறதே, அதற்கு ஒரு நேரம் உண்டே என்று எனக்குத் தோன்றவே இல்லை. சேணம் கட்டிப் பழகியவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

எலுமிச்சை ஏற்றுகிற லாரி இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். தம்பி மலையிலிருந்து இறங்கி, கிட்டங்கியில் குதிரையைக் காணாமல், வேகமாக நடக்கவும் முடியாமல் என் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. சட்டை முழுக்க வேர்வை. குதிரைகளைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். செவலையின் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான்.

அடுத்த நாளும் அப்படியே வந்தது. இந்த முறை நான் உடனே ஓட்டிக்கொண்டு போனேன். அப்படியும் லாரி காத்திருந்துதான் ஏற்றிப் போனது.

சாயங்காலம் தம்பி வந்து படியில் உட்கார்ந்தான்.

"கிட்டங்கி மொதலாளி கூப்பிட்டுச் சொல்லிட்டாக. இன்னொருக்கா சரக்குப் பிந்துச்சுன்னா தோட்டத்துக்காரங்க வேற ஆளப் பாத்துக்கிருவாகளாம். அவுக கையில இல்லையாம்."

"நீ என்ன சொன்ன?"

"குதுரைக்குக் கொளம்புல கல்லுன்னு சொன்னேன்."

"பொய்யா சொன்ன?"

"பின்ன எங்கக்கா வெல்லம் குடுத்துக் கெடுத்துட்டான்னா சொல்லச் சொல்ற?" குரலை உயர்த்தவில்லை அவன். உயர்த்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். பிறகு, "ஒரு நாலு நாளு கதவச் சாத்திக்கிட்டு உள்ள இரு அக்கா. அதுக்கு மறந்துரும்" என்றான்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இரு என்று எனக்குச் சொன்னவர்களில் அவன் இரண்டாவது ஆள்.

முதல் ஆள் குவைத்து வீட்டு எஜமானி. அந்த வீட்டின் கடைசிக் குழந்தையைப் பிறந்த நாலாம் நாளிலிருந்து நான்தான் வளர்த்தேன். பெண் குழந்தை. அதற்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ் வார்த்தை 'ஆத்தா'. நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று அதற்கு நாலு வயது. "நீ அடுப்படியை விட்டு வெளியே வராதே. உன்னைப் பெட்டியோடு பார்த்தால் அது பள்ளிக்கூடத்துக்குப் போகாது" என்று எஜமானி சொன்னார். குழந்தைக்கு நல்லது என்றுதான் சொன்னார். நானும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். குழந்தை வீடு முழுக்க ஆத்தா, ஆத்தா என்று தேடியது. அடுப்படிக் கதவையும் ஒரு தடவை தட்டியது. பிறகு கார் கிளம்பிய சத்தம் கேட்டது. அது என்னை மறந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. மறந்திருக்க வேண்டும் என்றும் நினைப்பேன். மறந்திருக்கக் கூடாது என்றும் நினைப்பேன்.

தம்பி சொன்னதைக் கேட்டு, மறுநாள் காலையிலிருந்தே கதவைச் சாத்தினேன். அவனும் அன்று குதிரைகளை வேறு தெரு வழியாக மேலே ஓட்டிப் போனான். ஆனால் மத்தியானம் மணிச் சத்தம் வந்துவிட்டது. தம்பி பெண்டாட்டி தெருமுனையிலேயே குச்சியோடு காத்திருந்து மடக்கப் பார்த்தாள். செவலை அவளைத் தாண்டிக்கொண்டு வந்தது. மூக்கால் கதவைத் தள்ளியது. நான் உள்பக்கம் சாய்ந்து நின்றேன். கதவின் கீழ்ச் சந்தில் அதன் மூச்சு வந்து என் கால் விரலில் பட்டது. முன்னங்காலால் படியை இரண்டு தடவை தட்டியது. அவள் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க, மணி விட்டுவிட்டுக் கேட்டு, பிறகு தூரமாகப் போனது.

அன்று லாரி கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் சரக்கு போய்ச் சேர்ந்தது. இன்னும் மூன்று நாள் இப்படி இருந்தால் அது மறந்துவிடும் என்று தம்பி பெண்டாட்டி வந்து சொன்னாள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் என்னால் இன்னொரு தடவை கதவுக்குப் பின்னால் நிற்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வீட்டை வெளியே பூட்டினேன். வெல்லத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிட்டங்கிக்கு நடந்தேன். அந்த ஐந்து நிமிஷ நடைக்கு எனக்கு அரை மணி ஆனது. எவர் வாசலிலும் நிற்க மாட்டேன் என்று சொன்னவள், பட்டப்பகலில், ஊர் பார்க்க, இன்னொருவர் வாசலில் போய் நின்றேன்.

முதலாளி என்னைவிடப் பத்து வயது சின்னவர். கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னக்கா, குவைத்து பத்தாதுன்னு இங்கயும் வேலைக்கி வந்துட்டீகளா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். லாரி டிரைவரும் சிரித்தார்.

"வேலைக்கி வரலய்யா. ஒரு ஆளப் பாக்க வந்தேன்."

"எந்த ஆளு?"

"மணி கட்டுன ஆளு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "குதுர கொளம்புல கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாந்தான் வெல்லத்தக் குடுத்து வாசலுக்குப் பழக்கிட்டேன். தப்பு எம்மேல. எந் தம்பி மேல இல்ல. இனிமே இங்கன வந்துதான் குடுப்பேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. முதலாளி கொஞ்சம் பார்த்துவிட்டு, "அப்ப நெழல்ல நில்லுங்கக்கா. வெயிலு காயுதுல்ல" என்றார். ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

ஒன்றரை மணி தாண்டிய பிறகு மலைப் பக்கம் மணி கேட்டது. தொட்டி கிட்ட வந்து நின்றது. பிறகு வலது பக்கம் போனது. என் தெருவுக்குள் போகிற சத்தம், வீட்டுக்கு வீடு தேய்ந்துகொண்டே போய் நின்றுவிட்டது. பூட்டு தொங்குகிற கதவை அது மூக்கால் தள்ளுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. லாரி டிரைவர் போனில் நேரம் பார்த்தார்.

எனக்கு அதைக் கூப்பிட ஒரு பெயர்கூட இல்லை. தொண்டை கிழிய, "ஆத்தா! இங்கன வா ஆத்தா!" என்று கத்தினேன். இந்த வயதில் தெருவில் நின்று நான் அப்படிக் கத்தியது இல்லை. இரண்டாவது தடவை கத்தினேன். மணி ஒருமுறை குலுங்கியது. பிறகு தொடர்ந்து கேட்க ஆரம்பித்தது. வேகமாக வந்தது. தொட்டியைச் சுற்றித் திரும்பி, செவலை முன்னால், நாலும் பின்னால், மூட்டைகள் ஆட ஆட வந்தன.

முகத்தைக் கொண்டுவந்து என் இடுப்பில் முட்டியது. நான் முந்தானையை அவிழ்க்கவில்லை. மூட்டை இறங்குகிற வரைக்கும் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். கடைசி மூட்டை லாரியில் விழுந்த பிறகுதான் வெல்லத்தைக் கொடுத்தேன். தம்பி குச்சியோடு வந்து சேர்ந்தபோது லாரி போயிருந்தது. அவன் காலிச் சேணத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, காப்பி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டான்.

அன்றிலிருந்து தினமும் போகிறேன். இப்போது பழப்பெட்டியில் உட்காருகிறேன். பொதியின் எடை ஒரு பக்கம் சாய்ந்து வந்தால் மறுநாள் தம்பியிடம் சொல்லுவேன். அவன் கேட்டுக்கொள்கிறான். மகன் போன் செய்து எங்கே இருக்கிறாய் என்றால் கிட்டங்கியில் என்பேன். ரூம்பைப் பற்றி அவன் இப்போது பேசுவது இல்லை.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. மத்தியானம் தொட்டி கிட்ட மணி வந்தது, நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பிறகு இடது பக்கம் போனது. கிட்டங்கியில் ஒரு நிமிஷம் பழப்பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, மூட்டை இறக்க நின்றுகொண்டதாம். சாயங்காலம் தம்பி சந்தோஷமாகச் சொன்னான்.

எனக்கும் சந்தோஷம்தான். நான் கேட்டதே அதுதான். ஆனாலும் அன்றைக்குக் காலையிலிருந்தே வாசல் கதவைத் திறந்துவைத்துத்தான் படுத்திருந்தேன்.