வார்னிஷ் போடாத விமானம்

சில மாதங்களுக்கு முன் ஆன்லைனில் அழுக்கு வாங்கினேன்.

உண்மையாகத்தான். கரி, துரு, செம்மண், எண்ணெய்க் கறை – நாலு சின்ன டப்பாக்களில் பொடிப் பொடியாக வந்தது. கூரியரைப் பிரித்த என் மனைவி, "ஊட்ல கீற அழுக்கு பத்தலியா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் போர் விமானம் செய்வது என் பொழுதுபோக்கு என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் பாதி வேலை. பளபளவென்று விட்டால் பொம்மை மாதிரி இருக்கும். பறந்து களைத்ததாகக் காட்ட வேண்டும். புகை போகும் குழாயில் கருகல், ஆட்கள் ஏறி நிற்கும் இறக்கையில் தேய்மானம், தகடுகள் சேரும் இடுக்கில் அழுக்கு... இதற்கு 'வெதரிங்' என்று பெயர்.

இந்த முறை செய்தது எனக்காக அல்ல. மனைவியின் அண்ணன் தணிகாசலத்துக்காக.

மச்சான் விமானப்படையில் இருந்தவர். பறந்தவர் அல்ல, தரையில் நின்றவர். ஒரே ஜெட்டை வருடக்கணக்காகத் துடைத்து, எண்ணெய் போட்டு, டயரில் காற்று பார்த்து அனுப்பியவர். அதன் வாலில் இருந்த நம்பர் 617. ஓய்வு பெற்று வந்து தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தபோதும் பேச்செல்லாம் 617 பற்றித்தான். அதன் வயிற்றில் எந்த இடத்தில் எண்ணெய் கசியும் என்பதுவரை எனக்கு மனப்பாடம். "மாப்ள, எனக்கு ஒண்ணு செஞ்சு குடேன்" என்று எத்தனை தடவை கேட்டிருப்பார்? செய்யலாம் மச்சான், செய்யலாம் மச்சான் என்றே பன்னிரண்டு வருடத்தை ஓட்டினேன். அதற்கென்று வாங்கிய கிட், ஒட்டாத துண்டுகளாகவே பரணில் கிடந்தது.

இப்போது அவருக்கு ஞாபகம் போய்விட்டது. பெற்ற மகளின் பெயர் தெரியவில்லை. கும்மிடிப்பூண்டி வீட்டில் ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் போட்டபடி நாள் முழுக்க வெறித்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பரணில் ஏறத் தோன்றியது. கேட்கிறபோது செய்ய மாட்டோம், கேட்க முடியாமல் போனபிறகு விழுந்து விழுந்து செய்வோம். நான் மட்டுமா இப்படி?

617ஐப் பார்த்தால் ஏதாவது திரும்பி வராதா? அந்த ஒரு நப்பாசைதான்.

இரண்டு மாதம் உட்கார்ந்தேன். எண்ணெய்க் கசிவைக்கூட அவர் சொன்ன இடத்திலேயே வைத்தேன். வாலில் நம்பர் – அது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர். மிச்சமிருந்தது ஒரே ஒரு கோட் வார்னிஷ். கறையையும் நம்பரையும் பிடித்து நிறுத்துவது அதுதான். ஆனால் மழை ஈரத்தில் அடித்தால் பால் மாதிரி வெளுத்துப்போகும். காய்ந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் சோம்பிக் கிடந்தவனுக்கு அன்றைக்குப் பார்த்து அவசரம். ஷோகேஸில் வைக்கப்போகிறார்கள், யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்து, வார்னிஷ் போடாமலே கிளம்பிவிட்டேன்.

திருநின்றவூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டி வரைக்கும் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை.

மச்சானுக்கு என்னைத் தெரியவில்லை. விமானத்தைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாலில் கண் நின்றது.

"சிக்ஸ் ஒன் செவன்" என்றார்.

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். மச்சான் தானாக வாய் திறந்து மாதக்கணக்காகிறதாம்.

பிறகு மச்சான் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். டம்ளர் தண்ணீரில் அதன் முனையை நனைத்தார். துடைக்க ஆரம்பித்தார்.

என் இரண்டு மாத உழைப்பு துண்டில் கறுப்பாக இறங்கியது. பதறிப்போய்க் கையை நீட்டினேன். அக்கா பிடித்துக்கொண்டார்.

"வுடுங்க தம்பி. தொடைச்சிக்கினு இருக்கட்டும். அந்தக் கை வேலை செஞ்சு எம்மா நாளாச்சு."

அழுக்கோடு அவருடைய ஜெட் வந்து நின்றால் அவர் வேறு என்ன செய்வார்? அது எனக்கு உறைக்கவே இல்லை. மூக்கு, இறக்கை, வயிறு என்று வரிசையாக வந்தார். எண்ணெய் கசியும் இடத்தில் நின்று, உச்சுக்கொட்டி, இரண்டு தடவை துடைத்தார். அக்கா அழுதார். நானும்தான்.

வால்தான் கடைசி. அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்... அழுத்தி ஒரு இழுப்பு. நம்பர் துண்டோடு வந்துவிட்டது.

வெற்று வாலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விமானத்தை ஜன்னலில் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"இது நம்ம மெஷின் இல்ல சார். மாத்திக் குட்த்துட்டாங்க."

கை பழையபடி மடிக்குப் போய்விட்டது. நான் இனி அவருக்கு மாப்ள இல்லை, சார்தான்.

மழை விட்ட பிறகு மறுபடி போனேன். புது நம்பர், மேலே மூன்று கோட் வார்னிஷ். நகத்தால் சுரண்டினாலும் வராது. அவர் கையில் வைத்தேன். விரல் மடங்கவில்லை. "சிக்ஸ் ஒன் செவன், மச்சான்" என்று நானே சொல்லிப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாதி முற்றிவிட்டது, வார்னிஷால் என்ன ஆகப்போகிறது என்கிறாள் மனைவி. இருக்கலாம். ஆனால் அந்த நம்பர் நின்றிருந்தால் இன்னொரு நாள் துடைத்திருப்பார். அதற்கு மறுநாளும் துடைத்திருப்பார். ஒரு காய்ந்த நாளுக்காக என்னால் காத்திருக்க முடியவில்லை. இதற்கு ஆறுதலாக ஏதாவது எழுதத்தான் நினைத்தேன். ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமையும் போயிருந்தேன். 617 ஜன்னலிலேயே இருக்கிறது. தெருமுனைத் தொழிற்சாலையின் கரி காற்றில் வந்து இறக்கை முழுக்கப் படிந்திருக்கிறது. டப்பா டப்பாவாக வாங்கிப் பூசியும் எனக்கு வராத அசல் அழுக்கு.

துடைக்க வேண்டியவர் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறார்.