ஒன்பதாவது இழுப்பு

படகு இஞ்சினை இழுத்துக் கிளப்பும் கயிற்றின் கைப்பிடி ஒன்று என் பையில் கிடக்கிறது. விரல் பதிந்து தேய்ந்த கறுப்பு ரப்பர். வேலை தேடி எந்த ஊருக்குப் போனாலும் அதுவும் கூட வரும்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கந்தளாயில் வயல் வேலை முடிந்ததும் சல்லிக் கடற்கரைக்கு வந்து, மீன் காயவைக்கும் ஒரு கருவாட்டு வாடியில் மீன் கீறினேன். படகும் வாடியும் வைத்திருந்த சம்மாட்டி காய்ச்சலில் இறந்துபோக, அவர் மனைவிதான் வாடியை நடத்தினார். எங்களுக்கு அவர் சம்மாட்டி அக்கா. படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. பெண் ஏறினால் படகுக்கு ஆகாது என்றார்கள். வெள்ளிக்கிழமை அதை விற்பதாகச் சம்மாட்டியின் தம்பி பேசி முடித்திருந்தார். படகு போனால் மீனுக்கு வழியில்லாமல் வாடியும் போகும்.

அந்த வாரம்தான் ஒரு பத்திரிகையில் என் கதை வந்தது. அதில் ஒரு விதவை மூன்றே இழுப்பில் இஞ்சினைக் கிளப்பிக் கடலுக்குப் போகிறாள். பெயரை மாற்றியிருந்தேன், படகின் பச்சை நிறத்தை மாற்ற மறந்துவிட்டேன். தேத்தண்ணிக்கடையில் யாரோ உரத்து வாசிக்க, கேட்டவர்கள் நடந்ததென்றே நம்பினார்கள். கவிழ்ந்த படகைத் தினமும் பார்ப்பவர்கள்கூட, விடியமுன் போய் வந்திருப்பாள் என்றார்கள். தம்பிக்காரர் வாடிக்கு வந்து, குடும்ப மானம் போய்விட்டதென்று அக்காவை ஏசிவிட்டுப் போனார்.

அக்கா கத்தியைக் கழுவி வைத்தார்.

"நான் கடலுக்குப் போனனானா தம்பி?"

"இல்லை அக்கா. அது கதை."

"போகாமலே ஏச்சு வாங்கியாச்சு. இனிப் போனால் என்ன?"

மறுநாள் காலை வாடிப் பெண்களும் நானும் சேர்ந்து படகை நிமிர்த்தித் தண்ணீரில் தள்ளினோம். அக்காவோடு நானும் ஏறினேன். அக்காதான் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் இஞ்சின் பேசாமல் இருந்தது. கரையில் சிரித்தார்கள். ஆறாவதும் போனது.

"கதையில இப்ப நடுக்கடலில நிக்கவேணும்" என்றார் தம்பிக்காரர்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. எட்டாவதில் உள்ளங்கை உரிந்தது. ஒன்பதாவதில் இஞ்சின் உறுமியது.

மத்தியானம் இரண்டு பெட்டி சூடை மீனோடு திரும்பினோம். படகைக் கரையேற்றக் கை கொடுத்தவர்களில் தம்பிக்காரரும் இருந்தார். வெள்ளிக்கிழமை வாங்க வந்தவர் ஈரப் படகைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இப்போது பச்சைப் படகில் புது இஞ்சின். அக்கா இன்றும் போகிறார். இன்னும் இரண்டு பெண்களும் போகிறார்கள். கதையை வாசித்தவர்கள் உண்மையில் நடந்ததா என்று என்னிடம் கேட்பார்கள். ஓம், எழுதிய பிறகு நடந்தது என்பேன்.

பழைய இஞ்சினைக் கழற்றிய அன்று இந்தக் கைப்பிடியை என் கையில் வைத்து அக்கா சொன்னார்: "அடுத்தமுறை எழுதேக்க ஒன்பது எண்டு எழுது."

எழுதிவிட்டேன்.