சன்னாசி மாமாவின் வேட்டியும் நூறு வாரச் சிரிப்பும்

கோகிலனைப் பார்த்தால் நாட்டையே சிரிக்க வைக்கிற ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ரோட்டேக்ஸ் என்கிற சாலைவரி கட்டாத காரில் வந்து போலீஸ் தடுப்பைப் பார்த்துவிட்டவன் மாதிரிதான் எப்போதும் முகம் இருக்கும். ஆனால் 'மாமா வீட்டுல கரண்ட் இல்ல' என்ற நகைச்சுவைத் தொடரை இயக்குவது அவன்தான். பத்து வருஷம், வருஷத்துக்குப் பத்து வாரம். நூறாவது வாரம் வந்துகொண்டிருந்தது.

அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். பஸ் எட்டிப் பார்க்காத தோட்டம். பெரிய ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஆறு வருஷம் அவனைக் கொண்டுபோய் விட்டது சன்னாசி மாமாவின் டிராக்டர். செம்பனைக் குலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போவான். முள் குத்தாத வகுப்பு ஒன்றுகூட அவன் படிக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் கல்யாண வீடியோ எடுத்தான். மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரம் பார்த்து அவன் கேமரா பந்தியில் அப்பளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டார் துரத்தியதில் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்து, ஒரு டிவி நாடகக் கம்பெனியில் கேபிள் சுருட்டினான். சுருட்டியதையெல்லாம் நேராக விரித்தால் சபாக் பெர்ணமைத் தாண்டி, பாகான் நக்கோடா ஓமார் மீன் படகுகளையும் தாண்டிக் கடலுக்குள் போயிருக்கும். முப்பத்தாறு வயதில் தொடர் கிடைத்தது.

"சிரிப்புச் சத்தம் போட்டே ஆகணும்" என்றார் தயாரிப்பாளர் பிரேமளா. "இல்லாட்டி எங்க சிரிக்கிறதுன்னே சனங்களுக்குத் தெரியாது."

கம்ப்யூட்டரில் கிடைத்ததெல்லாம் வெள்ளைக்காரன் சிரிப்பு. இட்லிக்குச் சட்னி கேட்கிற வசனத்துக்கு அது ஒட்டவில்லை. நம்ம ஆட்கள் சிரிப்பையே பதிவு செய்வோம் என்று கோகிலன் தான் பிறந்த தோட்டத்து மண்டபத்துக்கே போனான். இருநூறு பேர் வந்தார்கள். நாலு பக்கமும் மைக் வைத்து, முதல் வாரத் தொடரைத் திரையில் போட்டான்.

இருபத்திரண்டு நிமிஷம். ஒருத்தரும் சிரிக்கவில்லை. யாரோ கொட்டாவி விட்டது மட்டும் நாலு மைக்கிலும் அருமையாகப் பதிந்தது.

ஆனாலும் தோட்டத்துப் பையன் அல்லவா! பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார்கள். டிராக்டரில் ஏற்றிப்போன கை போர்த்தினால்தான் பொருத்தம் என்று சன்னாசி மாமாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஆயுசு முழுக்கக் கால்சட்டை போட்ட மனுஷன். அன்றைக்கென்று புது வேட்டி வாங்கி, தானே சுற்றிக்கொண்டு வந்திருந்தார். பொன்னாடையை விரித்து இரண்டு கையையும் மேலே தூக்கினார். வேட்டி கீழே போனது. உள்ளே மகனுடைய பழைய காற்பந்துக் கால்சட்டை, பின்பக்கம் ஏழாம் நம்பரோடு.

மண்டபம் வெடித்தது. கூரைத் தகரம் ஒருமுறை எழும்பி உட்கார்ந்தது. நாலு நிமிஷம் நிற்கவில்லை.

பொன்னாடை பாதி கோகிலன் தோளில்தான் கிடந்தது. இழுத்து மாமா இடுப்பில் சுற்ற ஒரு விநாடி போதும். அவன் அதைச் செய்யவில்லை. ஒலிப்பதிவுக்காரனைத் திரும்பிப் பார்த்து, வலது கையைத் தூக்கி, விரலைச் சுற்றிக் காட்டினான். நிறுத்தாதே, ஓடட்டும். வேட்டியை எடுக்கக் குனிந்த சன்னாசி மாமா அந்த விரலைப் பார்த்தார்.

அந்த நாலு நிமிஷத்தைத்தான் சின்னது, பெரியது, நடுத்தரம் என்று வெட்டி வெட்டிப் பத்து வருஷம் ஒட்டினான் கோகிலன். பெரிய சிரிப்பின் வாலில் ஒரு பொம்பளைக் குரல் "ஐயோ, சன்னாசிண்ணே!" என்று லேசாகக் கேட்கும். மற்ற ஊர்க்காரர்கள் காதில் அது விழாது. தோட்டத்துக்காரர்களுக்கு நன்றாகவே விழும்.

நூறாவது வாரத்தைத் தோட்டத்து மண்டபத்திலேயே கொண்டாடலாம், மாமா கையாலேயே மறுபடி பொன்னாடை வாங்கலாம் என்று பத்து வருஷம் கழித்து ஊருக்குக் கிளம்பினான் கோகிலன். இதில் ஒரு தப்பும் அவனுக்குத் தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கையில் கேக்கோடு மாமா வீட்டு வாசலில் போய் நின்றான். வள்ளியம்மா அத்தை கதவைத் திறந்தார்.

"அத்தே, மாமா எங்க?"

"மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. ஒன் நாடகம் முடிஞ்சாத்தான் வருவாரு."

"ஏன், பாக்கமாட்டாரா?"

அத்தை கேக்கைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "ஏன்டா கோகிலா, வாராவாரம் ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கிறத எந்த மனுசன்டா ஒக்காந்து கேப்பான்? பக்கத்து வூட்டு டிவி, எதுத்த வூட்டு டிவி, சாப்பாட்டுக் கடை டிவி, எல்லாத்துலயும் அதே சிரிப்புத்தான். சத்தம் கேக்காத எடமா தேடி, செம்பனைக்குள்ள மோட்டார நிறுத்திட்டு ஒக்காந்திருப்பாரு."

கோகிலனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அதில் தோசை வார்த்திருக்கலாம். அத்தை காட்டிய நாற்காலியில், கேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

தொடர் முடிந்து பத்து நிமிஷத்தில் மாமா வந்தார். தலைக்கவசத்தை ஆணியில் மாட்டினார்.

"வா லா, டைரட்டரு. சாப்டியா?"

"மாமா, எனக்குத் தெரியாது மாமா. சத்தியமா..."

"வேட்டி அவுந்தது என் தப்பு. கட்டத் தெரியாதவன் கட்டுனேன். சனங்க சிரிச்சதும் தப்பில்ல. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்." அவன் எதிரில் உட்கார்ந்தார். "ஆனா நீ கைய ஏன்டா சுத்துனே?"

தொண்ணூற்றொன்பது வாரம் வசனம் ஓட்டியவன், கேக் பெட்டி நூலை அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டி, கடைசியில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தான்.

கொண்டாட்டத்தை நிறுத்தினான். நூறாவது வாரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் முழுவதையும் நீக்கினான். பிரேமளா போனில் கத்தினார்.

"உனக்கென்ன பைத்தியமா? சத்தம் இல்லாட்டி யாரு சிரிப்பா?"

"சிரிக்காட்டிப் போகட்டும்."

"வேற சிரிப்பையாவது போடு!"

"வேற சிரிப்பு எங்கிட்ட இல்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை தொடர் ஆரம்பிக்கும் முன்பே மாமா வீட்டுக்குப் போனான். மோட்டார் சாவி மாமா கையில் இருந்தது.

"மாமா, இன்னிக்கு ஒரு தடவ ஒக்காருங்க. அது இருக்காது."

மாமா ஏற இறங்கப் பார்த்தார். உட்கார்ந்தார். சாவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

தொடர் ஓடியது. நடிகர் மாவு வாளியில் விழுந்தார். அமைதி. மாமியார் கொசு மட்டையால் மாப்பிள்ளையை அடித்தார். அமைதி. சமையலறையில் அத்தை வெங்காயம் நறுக்குவது தெளிவாகக் கேட்டது. இத்தனை வருஷத்தில் முதல்தடவையாகத் தன் தொடரை உள்ளபடியே பார்த்தான் கோகிலன். தரையில் ஒரு ஓடு பிளந்தால் உள்ளே இறங்கி மூடிக்கொண்டிருப்பான்.

பாதியில் விளம்பரம் வந்தது. மாமா மெதுவாகத் திரும்பினார்.

"ஒரு எடத்துலகூட சிரிப்பு வரலயேடா."

"ஆமா மாமா."

"அப்ப பத்து வருசமா ஒன் நாடகத்தத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு இருந்தது என் வேட்டிதானா?"

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது. கோகிலன் தரையைப் பார்த்தபடியே பேசினான்.

"அன்னிக்கும் இப்படித்தான் மாமா. ஒருத்தரும் சிரிக்கல. என் பொழப்பு அன்னியோட முடிஞ்சிச்சின்னு நெனச்சேன். நீங்க போத்துன பொன்னாடை என் தோள்லதான் கெடந்திச்சி. ஒங்களுக்குச் சுத்தல. அந்தச் சத்தம் வேணும்னு கையச் சுத்துனேன்."

மாமா சாவியை உருட்டினார்.

"அத அன்னிக்கே என் காதுல சொல்லியிருந்தா, நானே இன்னொரு தடவ அவுத்து விட்டிருப்பேன்லா."

கோகிலன் நிமிர்ந்தான். மாமா முகத்தில் சிரிப்பு இல்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே செய்திருப்பார் என்று தெரிந்தது. அதுதான் அவனைச் சுருட்டிப் போட்டது. கேபிளைக்கூட அவன் அப்படிச் சுருட்டியதில்லை.

"நான் கெளம்புறேன் மாமா" என்று எழுந்தான்.

"எங்க போறே?" மாமா மோட்டார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, டிவி சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினார். "ஒக்காரு. இன்னும் பதினோரு நிமிசம் இருக்குல்ல."