ஆர்கனுக்கு மேலே ஒரு கண்ணாடி

அவளுக்கு ஆர்கன் என்று பெயர் வைத்தது நாங்கள்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கல்லூரி அலுவலகத்தைத் தவிர யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "ஆர்கன் சாப்பிட்டாளா?", "ஆர்கனுக்குக் காய்ச்சலாம்" என்றுதான் விடுதியே பேசும். படிப்பு முடிந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவள் இன்னும் அதே கல்லூரிக் கோவிலில், அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே ஆர்கனை வாசித்துக்கொண்டிருக்கிறாள். பெயர் வைத்தபோது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அவளை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தவள் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கன்னியர் நடத்தும் கல்லூரி அது. ஓவியமும் இசையும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பு. அதோடு விடுவார்களா? தர்க்கம், தாவரவியல், வரலாறு, இறையியல், அறநெறி என்று எல்லாவற்றிலும் ஆளுக்கு ஒரு கரண்டி பரிமாறினார்கள். முழு மனிதரை உருவாக்குவது நோக்கம் என்று கையேட்டில் போட்டிருந்தது. அவள் ஓவியத்துக்காகச் சேர்ந்தவள். நான் பாட்டுக்காகச் சேர்ந்தவள். நான் பானை வரைந்தால் பூசணிக்காய் மாதிரி இருக்கும். விடுதியில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. பெட்டியைப் பிரித்துக்கொண்டே, சின்ன வயதில் நான்கு வருடம் பியானோ கற்றதாகச் சொன்னாள். எங்கள் அம்மா எங்கள் பங்குக் கோவிலில் ஆர்கன் வாசிக்கிறாள் என்று நானும் சொன்னேன். எட்டு வயதிலிருந்து நானும் வாசிக்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

காரணம் அம்மாதான். கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, "தெரியும்னு மட்டும் சொல்லிடாதடி. ஒருதடவை உட்கார்ந்துட்டா அப்புறம் எழுந்திரிக்க விடமாட்டாங்க" என்றாள். அம்மாவுக்கு அது அனுபவம். தன் அப்பாவின் அடக்கப் பூசைக்கே அவள்தான் வாசித்தாள். அவரை வெளியே தூக்கிக்கொண்டு போனபோது அம்மா கடைசிப் பாட்டின் மூன்றாவது சரணத்தில் இருந்தாள்.

மறுநாளே இசை சிஸ்டர் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். அவருக்கு விரல்களில் வாதம். அதுவரை வாசித்த பெண் படிப்பு முடிந்து போய்விட்டாள்.

"யாருக்கும்மா ஆர்கன் வாசிக்கத் தெரியும்?"

நான் கையைத் தூக்கவில்லை. யாருமே தூக்கவில்லை. சிஸ்டர் முகம் வாடியது. அவர் என் பக்கம் திரும்புகிற மாதிரி இருந்தது. பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"சிஸ்டர், இவ பியானோ வாசிப்பா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, சந்தையில் யாரோ தன் பையை எடுத்துப் போவதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவ்வளவுதான், வேலை அவள் தலையில் விழுந்துவிட்டது.

பியானோ தெரிந்தால் போதாது. ஆர்கனில் கைக்கு இரண்டு வரிசைக் கட்டைகள். அது போக, காலுக்குக் கீழே நீள நீளமாக மரக்கட்டைகள் ஒரு வரிசை. கை மெட்டைப் பார்த்துக்கொள்ளும்போது கால்கள் நுனியாலும் குதிகாலாலும் அடிச்சுரங்களை மிதிக்க வேண்டும். குனிந்து பார்க்கக் கூடாது. அவள் ஆறு வாரத்தில் கற்றாள். ராத்திரி படுக்கையில் போர்வைக்குள்ளே அவள் கால்கள் நடந்துகொண்டே இருக்கும். எந்த இடத்தில் தப்பாக நடக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

ஆர்கன் பீடத்துக்கு வலப்பக்கம், சுவரைப் பார்த்து இருந்தது. வாசிப்பவருக்கு முதுகுப்பக்கம்தான் பூசை நடக்கும். அதனால் அவள் தலைக்கு மேலே நோட்டுப் புத்தக அளவில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார்கள். ஃபாதர் எப்போது கையை விரிக்கிறார், எப்போது உட்காருகிறார் என்று அதில் பார்த்துத்தான் அவள் தொடங்குவாள், நிறுத்துவாள். பீடத்துக்கு அந்தப் பக்கம், அவள் முதுகுக்கு நேரே, பாடகர் குழுவின் பெஞ்சுகள். முதல் பெஞ்சில் நான்.

தினமும் காலை ஆறரைக்குப் பூசை. ஞாயிறு இரண்டு. சனிக்கிழமைகளில் பழைய மாணவிகளின் கல்யாணம். வயதான சிஸ்டர்கள் யாராவது கண்ணை மூடினால் அதற்கும் இவள்தான். ஓவிய மாஸ்டரோ சனிக்கிழமை காலைகளில்தான் வகுப்பை வெளியே அழைத்துப்போய் மரம், பாலம், கடைத்தெரு என்று வரையவைப்பார். நான்கு வருடத்தில் அவள் மூன்றுமுறை போனாள்.

"ஒரு மரம்கூட உருப்படியா வரையாம ஓவியத்துல பட்டம் வாங்கப் போற முதல் ஆள் நீதான்மா" என்றார் மாஸ்டர்.

"மரம் கண்ணாடிக்குள்ள வந்தா வரைவேன் சார்" என்றாள்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரசங்கம் நடக்கும் கால் மணி நேரம் மட்டும் அவள் கை சும்மா இருக்கும். பாட்டுத்தாளின் பின்பக்கம், கண்ணாடியில் தெரிந்ததை வரைவாள். பார்த்ததைப் பார்த்தபடி வரைந்ததால் அவள் படங்களில் ஃபாதர் இடது கையால் ஆசீர்வதிப்பார். கோவில் கடிகாரம் பின்னாலே போகும். கொட்டாவி விடும் பேராசிரியர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்கள். மாஸ்டர் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அதற்குப் பிறகு மரத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

எனக்கு உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. ஆனால் சமாதானம் சொல்லிக்கொள்ள நான் கெட்டிக்காரி. தெரியாது என்று நான் சொன்னேனா? இல்லையே. கையைத் தூக்கவில்லை, அவ்வளவுதானே. மூன்றாம் வருடம் அறநெறித் தாளில் ஒரு கேள்வி வந்தது: கேட்கப்படாத உண்மையைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா? எட்டுப் பக்கம் எழுதினேன். ஆகாது என்று நிரூபித்தேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். அறநெறி நடத்திய ஃபாதர் அந்தத் தாளை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நான்காம் வருடம் மாஸ்டர் அவளைக் கூப்பிட்டு ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார். தலைநகரில் பெரிய ஓவியக் கல்லூரி. வருடத்துக்குப் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். ஒருநாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும்; அதுதான் தேர்வு. அவள் அந்தத் தாளை இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். பிறகு தேதி வந்தது. எங்கள் கல்லூரியின் எழுபத்தைந்தாம் ஆண்டுப் பூசை, ஆயர் வருகிற நாள், அதே நாள்.

இசை சிஸ்டரிடம் போய் நின்றாள். சிஸ்டர் கல்நெஞ்சக்காரர் இல்லை, கண்கூடக் கலங்கியது. "போகாதேன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்? ஆனா யார் வாசிப்பா? வாசிக்கிற ஒரு ஆளைக் காட்டு, நானே உன்னை ரயிலேத்தி விடுறேன்" என்றார்.

ஒரு வாரம் அலைந்தாள். பக்கத்துப் பங்குக் கோவில்களுக்கெல்லாம் கடிதம் போட்டாள். எங்கள் அம்மாவுக்குக்கூடப் போட்டாள்; அன்று அங்கே ஒரு கல்யாணம், அம்மாவால் வர முடியவில்லை. அந்தப் பதில் வந்த சாயங்காலம், அறையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி, உங்க அம்மா அவ்வளவு நல்லா வாசிப்பாங்கன்னு சொல்றியே. நீ கொஞ்சம்கூடக் கத்துக்கலையா?"

என் கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதை நான்காக மடித்தேன், எட்டாக மடித்தேன். ஆண்டுப் பூசையில் நன்றிப் பாட்டை நான் தனியாகப் பாடுவதாக இருந்தது. நான்கு வருடத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே பாட்டு. ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்தால் பாட முடியாது. இன்னொன்று, இப்போது தெரியும் என்றால் இத்தனை நாளும் தெரியும் என்றாகிவிடும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சிஸ்டர் முன்னால் நிற்பது?

"இல்லடி. எனக்குக் கை வரல" என்றேன்.

"சரி" என்றாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஆண்டுப் பூசை அன்று நான் நன்றாகப் பாடினேன். ஆயரே பாராட்டினார். என் மூச்சு தடுமாறிய ஓர் இடத்தில் அவள் அரை நொடி காத்திருந்து எனக்கு இடம் கொடுத்து வாசித்தாள். அந்த நேரத்தில் தலைநகரில் பன்னிரண்டு இடத்துக்கு யார் யாரோ வரைந்துகொண்டிருந்திருப்பார்கள்.

படிப்பு முடிகிற மாதம் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். நூலகத்து நடையில், ஆளுக்கு ஒரு சுவர். மற்றவர்கள் ஆளுயரப் படங்கள் வைத்திருந்தார்கள். அவள் சுவரில் நாற்பது சின்னப் படங்கள், ஒவ்வொன்றும் அந்தக் கண்ணாடியின் அளவு. எங்கள் அம்மா என் பட்டமளிப்புக்காக வந்திருந்தாள். நானும் அம்மாவும் இசை சிஸ்டரும் சேர்ந்துதான் பார்த்துக்கொண்டே போனோம்.

கடைசி வரிசையில் பன்னிரண்டு படங்கள். ஒரு பெஞ்சு, அதன்கீழே வரிசையாகக் கறுப்புக் காலணிகள். எல்லாம் சும்மா தரையில் கிடக்க, ஒரு ஜோடி மட்டும் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி: நுனி நீண்டு, குதிகால் ஊன்றி, ஒன்றை ஒன்று தாண்டி. அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டாள். படம் படமாக விரலை வைத்து, அந்தக் கால்கள் மிதிக்கும் அடிச்சுரங்களை மெதுவாக முனகினாள்.

"என்னவோ இடறுதே" என்றாள். மேலே பார்த்தாள். ஃபாதர் இடது கையால் ஆசீர்வதிக்கும் படம் கண்ணில் பட்டது. "ஓ, கண்ணாடியா!" என்று சிரித்துவிட்டு, இடதை வலதாக மாற்றி மறுபடி முனகினாள். இந்தமுறை இடறவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் எட்டு வயதில் நான் முதன்முதலாகக் கற்ற பாட்டு. ஞாயிறுதோறும் காணிக்கை நேரத்தில் ஆர்கன் மட்டும் தனியாக வாசிப்பது. அப்போது பாடகர் குழு உட்கார்ந்திருக்கும். என் கால்கள் உட்கார்ந்திருக்கவில்லை போலிருக்கிறது.

"நல்லா வாசிக்கிற காலு" என்றாள் அம்மா. பிறகு குனிந்து என் காலைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

சிஸ்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. "நாலு வருஷம் எதிர்லயே உட்கார்ந்திருந்தியேம்மா" என்றார். அப்புறம், வழக்கமான கவலையோடு, "அடுத்த வருஷம் நீ இங்கே இருக்கியா?" என்று கேட்டார்.

"எனக்குப் பள்ளிக்கூடத்துல வேலை கிடைச்சிருக்கு சிஸ்டர்" என்றேன். அது உண்மைதான். நான் எப்போதும் உண்மையோடுதான் தப்பித்துப் போவேன்.

ஆகவே அவள் இருந்தாள். வேறு ஆள் கிடைக்கும்வரை, மிஞ்சினால் இரண்டு வருடம் என்றார்கள். அடுத்த வருடத் தேர்வு நாளன்று மடத்தின் பழைய தலைவி மதருக்கு அடக்கப் பூசை. அதற்கடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிட்டது. வேறு ஆள் வரவே இல்லை. பகலில் அலுவலகத்தில் சான்றிதழ் எழுதுகிறாள், காலையும் மாலையும் ஆர்கன். பிரசங்க நேரத்தில் இன்னும் வரைகிறாள். அறை முழுக்கப் பாட்டுத்தாள் கட்டுகள், எல்லாவற்றிலும் இடக்கைக்காரர்கள். மூன்று ஃபாதர்கள் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே நரைத்துவிட்டார்கள்.

பழைய மாணவிகள் தினத்துக்கு வருடா வருடம் போகிறேன். கட்டிப் பிடித்துக்கொள்வோம், அவள் என்னைக் கிண்டல் செய்வாள், பிள்ளைகளை விசாரிப்பாள். காலணிப் படங்களைப் பற்றி இரண்டு பேரும் பேசியதே இல்லை. போன வருடம்தான், சாயங்காலப் பூசைக்கு முன்னால், கோவிலில் ஆள் இல்லாத நேரத்தில், பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேலே கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது.

"உனக்கு எப்போடி தெரியும்?" என்றேன்.

எது என்று அவள் கேட்கவில்லை. "முதல் வருஷமே. காணிக்கைப் பாட்டுல ஒருநாள் நான் தப்பா மிதிச்சேன் பாரு. கண்ணாடிக்குள்ள நீ சரியா மிதிச்சே."

"அதை எல்லாரும் பார்க்கணும்னுதான் மாட்டினியா?"

"அட போடி. மத்ததெல்லாம் சுமாரா வந்திருந்துச்சு. அதுதான் நல்லா வந்த படம்."

சிரித்தாள். இத்தனை வருடமாக என்னை அரித்ததை அவள்மேலேயே பழியாகப் போடுகிறோமே என்று தெரிந்தும், வாய் கேட்டுவிட்டது.

"தெரிஞ்சிருந்தும் ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல?"

"கேட்டேனே" என்றாள்.

மணி அடித்தது. அவள் கட்டைகளின் பக்கம் திரும்பி, தாளைச் சரிசெய்து, கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். நான் எழுந்து பீடத்துக்கு அந்தப் பக்கம் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.