பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். மேகமூட்டம், காற்று இல்லை. சுபாங் ஜெயாவில் ஒரு திடலில், உட்கார நாற்காலிகூட இல்லாமல் நிற்கிறேன். பேரன் கண்ணை முழுக்க மூடும் பெட்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரேடியோவில் சின்ன விமானம் ஓட்டுகிறான். விமானத்தின் மூக்கிலிருக்கும் கேமரா காட்டுவது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். ஆகவே, வெறுங்கண்ணோடு ஒருவர் பக்கத்தில் நின்று விமானத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டும் என்பது விதி.

“தாத்தா, ஆள் வந்தா, பறவை வந்தா உடனே சொல்லணும். போன் பாக்கக் கூடாது லா.”

முழங்கால் இரண்டும் வலிக்கின்றன. இந்த வேலையை ஒன்பது வயதிலேயே பார்த்தவன் நான் என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் அரை மணி நேரம் நிற்க வைப்பான்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ரயில் ஓட்டுநரான சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் பழைய ரேடியோ பெட்டியை வாங்கி, விமானத்தை அவரே செய்திருந்தார். விடுமுறை கிடைத்த ஞாயிறுகளில் அம்பாங்கில் பழைய ஈயச் சுரங்கத்துக் குட்டையோரம் பறக்கவிடுவார். இன்னும் நான்கு பேர் வருவார்கள். இரண்டு ரேடியோ ஒரே நேரத்தில் திறந்தால் இரண்டு விமானமும் விழும் என்பதால் முறை வைத்துத்தான் பறக்கவிடுவார்கள்.

சித்தப்பாவிடம் மட்டும் கூடுதலாக ஒரு விதி இருந்தது. நான் அவருக்கு இடப்பக்கம் நின்று, விமானம் இருக்கும் இடத்தை விடாமல் சொல்ல வேண்டும். இடது, மேலே, திரும்புது, நம்ம பக்கம் வருது. மற்ற நால்வரும் தனியாகவே ஓட்டினார்கள். விதி தெரியாதவர்கள் என்று எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் இளக்காரம்.

ஒருநாள் காலில் கட்டெறும்பு ஏறியது. குனிந்து தட்டிவிட்டேன். பத்து எண்ணும் நேரம்தான். நிமிர்ந்தால், சித்தப்பா குட்டைக்கு மேலே பார்த்தபடி, விரல்களை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியாடா, எவ்வளவு அழகா சுத்துது!”

அங்கே சுற்றிக்கொண்டிருந்தது ஒரு பருந்து. எங்கள் விமானம் முதுகுக்குப் பின்னால் தலைகீழாக இறங்கி, லாலாங் புல்லில் குத்தி நொறுங்கியது.

“அபாங்! இத்து பூரோங் லா, பூரோங்!” அண்ணே, அது பறவை என்று ஒரு சீனர் மலாயில் கத்தினார். பறவையையா ஓட்டுகிறாய் என்று எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சித்தப்பாவும் சிரித்தார்.

பஸ்ஸில், “வீட்டுல சொல்லாதடா” என்றார். விமானம் உடைந்த வெட்கம் என்று நினைத்துத் தலையாட்டினேன். ஆனால் இவ்வளவு நல்ல வேடிக்கையை எத்தனை நேரம் அடக்குவது? சாப்பாட்டின்போது கையை இறக்கையாக விரித்து நடித்தே காட்டிவிட்டேன். அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறியது.

அப்பா சிரிக்கவில்லை. “பருந்து எவ்வளவு உயரத்துல இருந்துச்சு?”

“பக்கந்தான்பா. தென்னமர உயரம்.”

அப்பா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். “ராத்திரி வண்டியில சிக்னல எப்படிடா பாக்குற?”

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “இன்ஜின்ல பக்கத்துல உதவிக்கு ஒரு பையன் நிக்கிறான்லண்ணே. அவன் சொல்லுவான்.”

அம்மாவின் சிரிப்பு நின்றது.

மறுநாள் அப்பாவே அவரை ரயில்வே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த மாதம் சித்தப்பாவைக் கிள்ளான் சரக்குக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓட்டுநர்களுக்குக் கிடைக்கும் படிப்பணம், மாதம் எண்பது வெள்ளி, நின்றுபோனது. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை.

சித்தப்பாவுக்கு இனி ராத்திரி வண்டி கிடையாது, தினமும் ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று அம்மா சொன்னபோது, நான் கைதட்டிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

“அப்ப புதுசா ஒண்ணு செய்யுங்க சித்தப்பா. தினமும் சாயந்திரம் பறக்கவிடலாம்!”