மலர்விழியின் நானூறு டிசைன்கள்

மலர்விழியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுவது எனக்குக் கஷ்டம். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் ஒரே வகுப்பு. அவள் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட். பிளாக் பத்தொன்பதில் கம்பெனி கொடுத்த குவாட்டர்ஸ், வாசலில் இரண்டு மாமரம். என் அப்பா அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. உயிரியல் ரெக்கார்டு நோட்டில் அவளுக்கும் சேர்த்துப் படம் வரைந்தது நான்தான். அவளுக்கு ஒரு நேர்கோடு வராது.

பிளஸ் டூ முடிந்து இருவருக்கும் கல்லூரி அமையவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்தேன். அவளுக்குத் துபாய் மாமா தன் பழைய ஆப்பிள் லேப்டாப்பைக் கொடுத்தார். எம்பிராய்டரி டிசைன் போடும் மென்பொருள் ஆப்பிளில் ஓடாது, விண்டோஸ் வேண்டும். அவள் விடவில்லை. யாரையோ பிடித்து, அதே லேப்டாப்பில் ஒரு பகுதியை ஒதுக்கி விண்டோஸை ஏற்றிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் நானூறு ஜாக்கெட் டிசைன்கள். பண்ருட்டித் தையல் கடைகளில் அவள் ஸ்கூட்டி நின்றால் 'டிசைன் மேடம்' என்று நாற்காலி போடுகிறார்கள். அவளுக்கு இன்னும் நேர்கோடு வராது.

போன மாதம் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் கறகறவென்று சத்தம் போட ஆரம்பித்தது. மாற்றித்தான் ஆக வேண்டும், உள்ளே இருப்பதை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சர்வீஸ் கடையில் சொன்னார்களாம். டிசைன்கள் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கலங்கிப்போய் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். கணினி விஷயங்களை நான் செல்போனில் தேடிப் படிப்பது அவளுக்குத் தெரியும்.

அவள் வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, ஆப்பிளிலேயே இருக்கும் பேக்கப்பை ஓட்டினாள். அது ஆப்பிள் பகுதியை மட்டும்தான் எடுக்கும், விண்டோஸைத் தொடாது என்று நான் முந்தின நாளே படித்திருந்தேன். எங்கள் ஊர்க் கணக்கில் ஆப்பிள் பர்மனென்ட், விண்டோஸ் காண்ட்ராக்ட். வேலையெல்லாம் செய்தது விண்டோஸ். பட்டியலில் அதன் பெயர் இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. மறதியால் அல்ல. நானூறும் போகட்டும், இவளும் என்னைப்போல வீட்டில் உட்காரட்டும் என்று நினைத்தேன்.

பேக்கப் முடிந்தது என்று திரையில் வந்தது. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோக லேப்டாப்பைப் பையில் போட்டு, ஸ்கூட்டியில் வைத்துக் கிளப்பினாள்.

"வர்றேன்டி திலகா. நீ கூட இருந்தியா, பயமே இல்ல" என்றாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. டிசைன்கள் போனால், திலகாவுக்கும் இது தெரியவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைப்பாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"இரு. டிசைன் ஒண்ணுகூட அதுல ஏறல" என்றேன்.

"முடிஞ்சுதுன்னு வந்துச்சே?"

"ஆப்பிள் பக்கம் முடிஞ்சுது. விண்டோஸ் பக்கத்த அது எடுக்காது."

"உனக்கு எப்ப தெரியும்?"

"நேத்தே."

அவள் ஸ்கூட்டியின் இன்ஜினை அணைத்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"கணக்குப் பரீட்சையிலயும் இப்படித்தான். பெல் அடிக்கறப்பதான் விடையக் காட்டுவ" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இந்தமுறை விண்டோஸில் நுழைந்து, டிசைன்கள் முழுவதையும் நானே இரண்டு பென்டிரைவில் நகலெடுத்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நகல் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் லேப்டாப்பைக் கொடுக்கக் கூடாது என்றேன். பண்ருட்டியில் அமிர்தம் அக்காவின் தையல் கடைக்குப் போய், எம்பிராய்டரி இயந்திரத்தில் பென்டிரைவைச் செருகினோம். மயில் டிசைன் ஓடத் தொடங்கியது.

திலகா இல்லையென்றால் நானூறும் போயிருக்கும் என்று மலர்விழி கடையில் எல்லோரிடமும் சொன்னாள். முந்தின நாளே எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லவில்லை.

"கூட்டாளிய எவ்ளோ ஒசத்தியா பேசுது பாரு. பெரிய மனசுங்க நம்ம மேடத்துக்கு" என்றார் அமிர்தம் அக்கா. நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் மலர்விழி உட்கார்ந்திருந்தாள்.

நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊசி மயிலின் கழுத்துக்கு வந்திருந்தது. வளைவு சரியில்லை. நான் வரைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சாய்த்திருப்பேன்.